வாரியம் வருத்தப்படுவதற்கான நடைமுறை

சொன்னால் வாய் தேய்ந்து போய்விடுமா? இரண்டே எழுத்து. பேருந்தில் முழங்கை பட்டால் சொல்கிறார்கள், தும்மினால் சொல்கிறார்கள், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிவிட்டு அந்தக் கதவிடமே சொல்கிறார்கள். எனக்குச் சொல்வதற்கு மட்டும் என்ன வந்தது?

குடிநீர் வாரியத்தின் மூன்றாம் மாடி நடைவழியில், ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை வாயிற்காவலர், "சாரிம்மா, பையைத் திறந்து காட்டணும்" என்றிருந்தார். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும் என்று லிஃப்ட்காரர் சாரி சொல்லிப் படிக்கட்டைக் காட்டியிருந்தார். படிக்கட்டில் எதிரே வந்த நான்கு பேர் ஆளுக்கொரு சாரி. மூன்றாம் மாடியில் காகிதக் கட்டோடு வந்த ஒரு பெண் சாரி சொல்லி இவளை எழுப்பினாள், பெஞ்சை ஒரு முழம் நகர்த்தினாள், மறுபடி சாரி சொல்லி உட்கார வைத்தாள். கடைசியில் வருத்தப் பிரிவின் உதவியாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"சாரிங்க. சாரி சொல்ற விஷயமா இன்னும் முடிவு வரல."

வாசலிலிருந்து எண்ணினால் அது ஒன்பதாவது.

நடந்தது இதுதான். அவள் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ஆல்டரேஷன் வேலை செய்கிறவள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு விளிம்பு மடிப்பது. துணியை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள். சீட்டின் அடியில் அவள் வீட்டுத் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். சென்ற ஆண்டு வாரியம் ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்ப முடிவு செய்தது. அதில் புகார் சொல்ல ஓர் எண் இருந்தாக வேண்டும். புகார்ப் பிரிவுக்குத் தொலைபேசி ஒப்புதலாகியிருந்தது. அதை மாட்ட வேண்டிய சுவர் ஒப்புதலாகவில்லை. சரி, எண் வரும்வரை பொறுக்கலாம் என்றால், அச்சுக்குப் போகும் படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் விதி. காலிக் கட்டத்தோடு போன படிவம் திரும்பி வரும். தப்பான கட்டத்தோடு போனது திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த எழுத்தர் சட்டைப்பையைத் துழாவினார். கால்சட்டை ஒன்றை நீளம் குறைக்கக் கொடுத்த சீட்டு கையில் வந்தது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று அதிலிருந்த எண்ணை எழுதினார்.

அந்த 'இப்போதைக்கு'க்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

முதல் வாரம் அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னாள். இது வாரியம் இல்லை, தையல் கடை என்றாள். யாரும் நம்பவில்லை. எல்லா ஆபீசிலும் இப்படித்தான் சொல்லித் தட்டிக் கழிக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். இரண்டாம் மாதத்தில் அவளுக்கே ஊரின் குழாய்கள் மனப்பாடமாகிவிட்டன. மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்துவிட்டதென்று ஒருவர் சொன்னால், அடுத்து அழைக்கும் பள்ளத்தெருக்காரரிடம், இன்னும் அரை மணி நேரத்தில் உங்களுக்கும் வரும் என்பாள். வந்தது. அவளை எல்லோரும் 'வாரியத்தம்மா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மளிகைக்கடைக்காரர்கூடச் சில்லறை கொடுக்கும்போது, நாளைக்குத் தண்ணீர் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். ஐந்தாம் மாதத்தில் பொறுமை கழன்றது. யார், எங்கிருந்து என்று கேட்பதை விட்டாள். எடுப்பாள். "இன்னைக்கு வராது, நாளைக்குப் பாருங்க, வைங்க." வைத்துவிடுவாள்.

ஒரு புதன்கிழமை நடுப்பகல். உதட்டுக்கிடையில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு நீலத் திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"நான்தான்..." என்றது ஒரு பெண்குரல்.

"இன்னைக்கு வராது, நாளைக்குப் பாருங்க, வைங்க."

வைத்துவிட்டுப் பெடலில் கால் வைத்தாள். ஒரு சாண் தைத்திருப்பாள். கால் தானாக நின்றது. யார் என்று சொல்லாமல் வெறுமனே 'நான்தான்' என்று பேச்சைத் தொடங்குகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அக்கா. ஆறு வருடம் கழித்து.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா போனாள். கடைசி எட்டு மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததும், துடைத்துவிட்டதும், கரண்டியால் கஞ்சி ஊட்டியதும் அக்கா. இவள் வந்து சேர்ந்தது கடைசி நாளுக்கு அடுத்த நாள். வந்தவள், கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, "நீ ஒழுங்கா பாத்திருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா" என்றாள். அக்கா கையிலிருந்த தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு சரி.

அக்காவின் எண் இவளுக்குத் தெரியும். விரலுக்கே தெரியும். அந்தப் புதன்கிழமை உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வாரியத்துக்குக் கடிதம் எழுதினாள். உங்களால் எனக்கு நேர்ந்ததற்குச் சாரி என்று ஒரு கடிதம் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபடியே கடிதத்தைப் படித்தார்.

"இத வச்சு என்ன செய்யப் போற?"

"அக்காவுக்கு அனுப்புவேன். ஃபோன வச்சது என் தப்பில்லன்னு அவளுக்குத் தெரியணும்ல?"

"ஃபோன் பண்ணிச் சொல்லிட்டா ஆச்சு."

"தப்பு யாரோடதுங்க? வாரியத்தோடது. நான் ஏன் இறங்கிப் போகணும்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "எனக்கென்ன தெரியும். நான் பசங்கள ஏத்தி இறக்கறவன்" என்றார்.

கடிதம் கொடுத்த ஏழாம் வாரம் வாரியம் அவளை அழைத்தது. வருத்தப் பிரிவு என்று பலகை மாட்டிய அறை. பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், எதிரே உட்காரச் சொன்னார், மின்விசிறியை இவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இந்த வாரியம் ஆரம்பிச்சு அறுபத்தோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தடவகூட வருத்தப்பட்டதில்ல. வருத்தப்படற மாதிரி எதுவும் நடக்கலன்னு சொல்லல. நடந்திருக்கு. ஆனா படல. அந்தப் பேரக் காப்பாத்தணும் இல்லையா?"

பழைய கோப்புகளில் தேடியபோது 'வருந்துகிறோம்' என்ற சொல் ஓரிடத்தில் அகப்பட்டதாம். ஒரு முன்னாள் இயக்குநர் இறந்தபோது வெளியிட்ட அறிக்கை. ஆனால் அதைப் பின்பற்ற வழியில்லை. உண்மையில் அன்று யாரும் வருந்தவில்லை என்று மறு வாரமே தணிக்கைப் பிரிவு எழுதி வைத்திருந்தது.

அப்படியானால் வருத்தப் பிரிவு என்னதான் செய்கிறது என்று அவள் கேட்டாள். வருத்தம் தெரிவிக்க வேண்டிய சந்தர்ப்பங்களைக் கண்டறிந்து, அவற்றில் தெரிவிக்காமலிருக்க வழிகாட்டுகிறது என்றார் அவர். பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள்.

அன்று வெளியே வந்தபோது நடைவழித் திருப்பத்தில் ஒருவர் வேகமாக வந்து அவள் காலை மிதித்துவிட்டார். மெலிந்த மனிதர். கணுக்காலுக்குக் கீழே இரண்டு அங்குலம் தொங்கும் கால்சட்டை.

"சாரிங்க" என்றார். உடனே சுவரோடு ஒட்டிக்கொண்டு இருபுறமும் பார்த்தார்.

அவள் பழக்கதோஷத்தில், "பரவாயில்லைங்க" என்றுவிட்டுத்தான் அந்தக் கால்சட்டையைக் கவனித்தாள். அதே துணியில் இன்னொன்று அவள் வீட்டு அலமாரியில் மாதக்கணக்காக மடித்து வைத்தபடி கிடக்கிறது. வாங்கிப் போக ஆளில்லை.

"நீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். வந்து வாங்க முகமில்லை என்றார். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் ஒரு கதவு திறந்தது, போய்விட்டார்.

மறு வாரம் எழுத்தருக்குக் குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி வருத்தம் தெரிவித்த குற்றம். இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். தாங்கள் தெரிவித்த வருத்தம் காலை மிதித்ததற்கா, கட்டத்தை நிரப்பியதற்கா? காலை மிதித்ததற்கு என்றால், மிதிபட்டவருக்கு வராத கண்ணீர் மிதித்தவருக்கு வரக் காரணம் என்ன? இதை அவரே அவளைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். வாரியத்தில் யாரிடம் புகார் சொல்வதென்று தெரியாமல் அறிவிப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கு அழைத்ததாகவும், குரலைக் கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாகவும் சொன்னார்.

விஷயம் முற்றிவிட்டதால் வாரியம் ஒரு குழு அமைத்தது. குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லின் பொருள், தோற்றம், அன்றாட வழக்கு ஆகியவற்றை ஆராய்ந்து, அதை வாரியம் சொல்லலாமா என்று பரிந்துரைக்கும் குழு. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் சொல் ஆலோசகராக வந்தார். ஆறு தடித்த புத்தகங்களைச் சுமக்க ஆள் வந்தது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவளுக்கும் ஓரமாக ஒரு நாற்காலி.

ஆலோசகர் ஒரு மாதம் வாரியத்தில் உட்கார்ந்து சொல்லின் அன்றாட வழக்கைக் குறித்திருந்தார். நாளொன்றுக்குச் சராசரி ஆயிரத்து இருநூறு சாரி புழங்குகிறது. இடித்துவிட்டால் ஒன்று. காதில் விழாவிட்டால், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதற்கு ஒன்று. தாமதத்துக்கு ஒன்று. முடியாது என்பதற்கு ஒன்று, இதுதான் ஆகப் பெரிய பங்கு. மேலதிகாரியின் மாமனார் இறந்தால் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும், செய்த தவறுக்காகச் சொன்னது மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை. மிதித்த எழுத்தரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, விசாரணை நிலுவையில் இருந்ததால்.

"சரி, மன்னிச்சுடுங்கன்னு நம்ம பாஷையிலயே சொல்லிட்டா என்ன?" என்று பிரிவுத் தலைவர் கேட்டார்.

ஆலோசகர் புன்னகைத்தார். "அத வீட்டுல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அது ரொம்ப கனம். சொன்னா கால்ல விழணும். அதனாலதான் ஜனங்க இந்தச் சின்னச் சொல்ல எடுத்துக்கிட்டாங்க. பையில போட்டா தெரியாது, எடுத்து நீட்டினா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

பிறகு தோற்றத்துக்கு வந்தார். சாரி என்றால் துக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், துக்கத்துக்கான ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய இதே சத்தம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு வேர், பின்னாளில் பழகிப் பழகி ஒட்டிக்கொண்டவை என்றார். இந்தச் சொல்லின் வேர் புண் என்று பொருள்படும் பழைய சொல். உடம்பில் நோகிற இடம். அந்தக் காலத்தில் இதைச் சொன்னவன், எனக்கு வலிக்கிறது என்றுதான் சொன்னான்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவள் குறித்துக்கொள்ளவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தம்ளரைக் கழுவிய சத்தம் எங்கிருந்தோ காதுக்குள் வந்து போயிற்று. அதை அவள் ஒதுக்கினாள். நான் வாரியத்தின் விஷயமாக அல்லவா வந்திருக்கிறேன்?

சட்ட அதிகாரி எழுந்தார். அந்த அறையிலேயே நன்றாகத் தூங்கி எழுந்தவர் போலத் தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"புண் வரணும்னா உடம்பு வேணும். சட்டப்படி வாரியம் ஒரு நபர். ஆனா உடம்பு இல்லாத நபர். வழக்குப் போடும், இடம் வாங்கும், கடிதம் எழுதும். வலிக்காது. அதுக்குத்தானே இவ்ளோ கஷ்டப்பட்டு இப்படி ஒண்ண உண்டாக்கி வச்சிருக்கோம்? வலிக்காத ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அது பொய்ச் சாட்சி."

பொய் சொல்ல வாரியம் தயங்கவில்லை, எழுத்தில் தரத்தான் தயங்கியது. ஆகவே ஒரு மருத்துவர் வரவழைக்கப்பட்டார். வாரியத்துக்குள் எங்காவது இந்த விஷயம் தொடர்பான வலி இருக்கிறதா என்று மாடி மாடியாகப் பார்த்து அறிக்கை தர வேண்டும். இயக்குநருக்குக் கழுத்தில் வலி இருந்தது. அது சுழல்நாற்காலி தொடர்பானது. பிரிவுத் தலைவருக்கு வயிற்றில், மதியத்துக்குப் பிறகு மட்டும். சட்ட அதிகாரிக்கு அழுத்திப் பார்த்தும் எங்குமே இல்லை. மூன்றாம் நிலை எழுத்தர் ஒருவருக்கு, அந்தச் சீட்டை நினைத்தால் நெஞ்சுக்கூட்டின் இடப்பக்கம் பிசைகிறது, இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை.

வலி கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாம் நிலை ஊழியர் வாரியத்தின் சார்பில் எதையும் உணர அதிகாரம் பெற்றவர் அல்ல. முதல் நிலையில் உள்ளவர்களுக்கு அதிகாரம் இருந்தது, உணர்வு இல்லை. நான்கு அமர்வுகளுக்குப் பின் வழி பிறந்தது. எழுத்தர் மேலிருந்த குறிப்பாணை நிறுத்தி வைக்கப்பட்டு, தொண்ணூறு நாளுக்கு அவர் 'பொறுப்பு வருத்த அலுவலர்' ஆக்கப்பட்டார். தனி மேசையும், அதன்மேல் ஒரு மணியும் தந்தார்கள்.

நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு அவளுக்குப் பெறுநர் பயிற்சி. வருத்தத்தை எப்படி வாங்கிக்கொள்வது என்று பிரிவுத் தலைவரே சொல்லிக் கொடுத்தார். முதுகு நாற்காலியில் படியாமல் உட்கார வேண்டும். முகத்தில் வெற்றி தெரியக் கூடாது, சோகமும் அதிகம் வேண்டாம். சாரி என்ற சொல் முடிந்ததும் நான்கு விநாடிக்குள் மைக்கில் 'பரவாயில்லை' என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

"நாலு விநாடி எதுக்குங்க?"

"அதுக்கு மேல போனா, யோசிக்கிறீங்கன்னு ஆயிடும்" என்றார் அவர். "நீங்க பரவாயில்லன்னு சொன்னாத்தான் ஃபைல் மூடும். நாங்க சொல்றது பாதி, நீங்க சொல்றது மீதி. உங்க பாதி வரலன்னா எங்க பாதிக்கு அர்த்தமே இல்ல பாருங்க."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கடிதம் கைக்கு வரப் போகிறது. மறுநாள் மத்தியானம் கணவரை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"வாரியம் சார்பா சாரி" என்றார் அவர், வாயில் சோற்றோடு.

"பரவாயில்ல."

"என்னடி, பால்காரனுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. இன்னொரு தடவ. சாரி."

"பரவாயில்ல."

"இப்ப பயமா இருக்கு."

அவர் கை கழுவிவிட்டுச் சாயங்கால நடைக்குப் பேருந்தை எடுக்கப் போய்விட்டார். அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தனியாகச் சொல்லிப் பார்த்தாள். வாய் சொன்னது. உள்ளே எதுவும் அசையவில்லை. ஏன் வரவில்லை? கேட்டது கிடைக்கப் போகிறதே.

அப்போதுதான், இத்தனை மாதமும் மனதுக்குள் அவள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை முதல் முறையாக நின்று பார்த்தாள். வாரியத்தின் கடிதம் அக்கா வீட்டுக்குப் போகிறது. அக்கா பிரிக்கிறாள். படிக்கிறாள். ஓ, இவள் தப்பில்லையா என்கிறாள். உடனே, நான்கு விநாடிக்குள், பரவாயில்லடி என்கிறாள். அக்காவுக்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறேன் நான். முத்திரை மட்டும்தான் இல்லை. அதையும் வாரியத்திடம் வாங்கி ஒட்டப் பார்த்தேன். அம்மாவைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தை வாரியத்தின் அறிவிப்பில் அச்சானதா? அன்று கூடத்தில் எனக்குத் தொலைபேசியா அடித்துக்கொண்டிருந்தது?

தொலைபேசி அடித்தது. தென்னண்டைத் தெருவில் தண்ணீர் வரவில்லை. இன்றைக்கு வராது என்று சொல்லி வைத்தாள். அடுத்தது அடிப்பதற்குள் எடுத்து, விரல்களை அவற்றின் போக்கில் விட்டாள்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"நான்தான்" என்றாள் இவள்.

பாத்திரம் ஒன்றை எங்கோ கீழே வைக்கும் சத்தம்.

"அக்கா, அன்னைக்கு அம்மாவப் பத்தி அப்படிச் சொன்னேன்ல. எல்லாரும் இருக்கறப்ப. உனக்கு வலிச்சிருக்கும்."

அவள் மனதில் எண்ணினாள். நான்கு போயிற்று. பத்து போயிற்று. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

"வலிச்சுது" என்றாள் அக்கா. "இன்னும்தான் வலிக்குது."

"ம்."

"எட்டு மாசம்டி. ராத்திரி பகல் தெரியாம. அத நீ ஒரு நிமிஷத்துல."

"ம்."

"ம்முன்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகாதுக்கா."

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னைக்கு ஃபோன் பண்ணினா, என்னமோ வராது, வைங்கன்னு சொல்ற. என்னடி வராது?"

"தண்ணி."

"தண்ணியா?"

அவள் சொன்னாள். சீட்டு, கட்டம், எழுத்தர், மருத்துவர், மேசைமேல் மணி, எல்லாவற்றையும். சட்ட அதிகாரிக்கு எங்கு அழுத்தியும் வலிக்கவில்லை என்ற இடத்தில் அக்கா சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டாள். பேசி முடித்தபோது, பரவாயில்லை என்று அக்கா சொல்லவில்லை. சொல்வாளென்று இவளும் காத்திருக்கவில்லை.

"எனக்குக் கோபம் போகல" என்றாள் அக்கா. "நாளைக்கும் கூப்பிடு. போயிருக்கான்னு பாக்கறேன்."

மறுநாள் கூப்பிட்டாள். போகவில்லை. ஆனால் நாற்பது நிமிடம் பேசினார்கள். தண்ணீர் வராத பாதி ஊர் அந்த நாற்பது நிமிடமும் தொலைபேசியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது.

கடிதம் இனி அவளுக்கு ஒன்றுக்கும் வேண்டியதில்லை. இருந்தும் நிகழ்ச்சிக்குப் போனாள். எழுத்தரை அந்தக் கூட்டத்தில் தனியாக விட மனமில்லை.

வாரியத்தின் கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. வாரியத்தின் முதல் வருத்தத்தைப் பார்க்க எல்லா மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருந்தார்கள். இயக்குநர் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சபையைத் திரும்பிப் பார்த்துப் பேசினார்.

"ஒரு விஷயத்த இங்க பெருமையா சொல்லணும். இந்தப் பதினோரு மாசத்துல நம்ம வாரியத்துக்கு ஒரு புகார்கூட வரல. ஒண்ணுகூட. அதுக்காக எனக்கு மேலிடத்துலேருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. எல்லாப் புகாரும் இந்தம்மா வீட்டுக்குப் போயிருக்குன்னு சில பேர் சொல்றாங்க. போகட்டும். எங்க போச்சுங்கறது முக்கியமில்ல, நமக்கு வரலங்கறதுதான் முக்கியம். அதனால அந்த நம்பரயே அடுத்த வருஷ அறிவிப்புலயும் தொடரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

கைதட்டினார்கள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பொறுப்பு வருத்த அலுவலர் எழுந்து வந்தார். புதிய சட்டை, கழுத்துப் பட்டி, தரையைத் துடைக்கும் அதே கால்சட்டை. ஒப்புதல் பெற்ற தாளை விரித்துப் படித்தார்.

"வாரியத்தின் அறிவிப்பில் இடம்பெற்ற எண்ணின் காரணமாகப் பெறுநருக்கு ஏற்பட்டதாகப் பெறுநரால் கருதப்படும் சிரமம், உண்மையிலேயே ஏற்பட்டிருக்கும் பட்சத்தில், அதன்பொருட்டு, எவ்விதப் பொறுப்பையும் ஏற்காமல், வாரியம்..."

அங்கே நின்றுவிட்டார். தாளில் இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. பிரிவுத் தலைவர் மணிக்கட்டைப் பார்த்தார். எழுத்தர் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நெஞ்சின் இடப்பக்கம் கை போயிருந்தது.

"சாரிம்மா" என்றார்.

'ம்மா' தாளில் இல்லை என்று சட்ட அதிகாரி குறித்துக்கொண்டார்.

அவள் எழுந்து அவரிடம் போனாள். அவர் முழங்கையைத் தொட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னாள். அவர் குடித்தார்.

நான்கு விநாடி எப்போதோ கழிந்திருந்தது. உதவியாளர் அவள் முன் மைக்கைக் கொண்டுவந்து வைத்தார். படிவத்தை விரித்தார். பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் இயக்குநர், கனிவாக. "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"இவருக்குச் சொல்லிட்டேங்க."

"சரி. வாரியத்துக்கு?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள், பிரிவுத் தலைவரை, சட்ட அதிகாரியை, பின்வரிசைகளை எல்லாம் ஒருமுறை பார்த்தாள். எங்காவது யாருக்காவது நோகிறதா என்றுதான் தேடினாள். பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திருகிப் போட்டு, படிவத்தின் மேல் குறுக்காக வைத்தாள்.

"இல்லைங்க" என்றாள், மைக்குக்கு எட்டாத குரலில்.